பக்கத்து மாடி அண்ணனுக்கு நன்றி

பெயர் கேட்க மறந்துவிட்டேன், அண்ணா. துணி எடுக்க மாடிக்கு வந்த நீங்கள், நான் டிவி டிஷ்ஷோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுச் சுவர் தாண்டி வந்தீர்கள். 3 மணி நேரமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். சிக்னல் ஸ்ட்ரெங்த் நன்றாகவே காட்டியது, படம்தான் வரவில்லை.

"அதை விடுங்க தம்பி, குவாலிட்டியைப் பாருங்க" என்றீர்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு மின்சாரம் போனாலே ஸ்ட்ரெங்த் கொஞ்சம் ஏறிவிடுமாம். சரியான செயற்கைக்கோள் சிக்கினால்தான் குவாலிட்டி ஏறும். இது தெரியாமல்தான் வெயிலில் காய்ந்தேன்!

அப்புறம் ரசமட்டம் கேட்டீர்கள். டிஷ்ஷைத் தாங்கும் கம்பமே லேசாகச் சாய்ந்திருந்தது. கம்பம் செங்குத்தாக இல்லாவிட்டால் டிஷ்ஷின் பின்னால் இருக்கும் கோண அளவுகோல் பொய்தான் சொல்லும். அதை நிமிர்த்திவிட்டு, விரல் அகலம் திருப்பி, செட்-டாப் பாக்ஸ் யோசிக்கச் சில விநாடி விட்டு, மறுபடி கொஞ்சம் திருப்பி... சுமார் 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயற்கைக்கோளைக் குறிவைக்கும்போது ஓரிரு டிகிரி பிசகினாலும் போச்சு. எனக்கு அந்தப் பொறுமை சுத்தமாகக் கிடையாது.

கடைசியில் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினீர்கள். நேற்று பெய்த மழையில் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டியது, வீட்டுக்குள் ஒரு துளி வரவில்லை.

ரொம்ப நன்றி அண்ணா. உங்கள் துணி அன்று கொடியிலேயே கிடந்தது.