வனக் குடியிருப்புகளின் வரலாறு கிராமசபைத் தீர்மானத்தில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்சிலிப் பற்றிய கட்டுரைகளும் வந்துவிடும். சேத்துமடை சோதனைச்சாவடி, கொண்டை ஊசி வளைவுகள், கோழிகமுத்தி யானை முகாம், ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை என்று எல்லாம் ஒரே தடத்தில் போகின்றன. சொல்லப்படுவதில் தவறில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்குக் கட்டை போடவும் ஆனைமலைத் தேக்கு வெட்டப்பட்டது. வெட்டிய மரத்தை மலை விளிம்பிலிருந்து சரிவில் இறக்கிவிட்ட இடம் இது. மொட்டையான சரிவுகளில் 1915 முதல் வுட் தேக்கை மீட்டார். மரத்தைத் தூரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, மறுதளிரை வளரவிட்டார், விதையும் ஊன்றினார். 1933-இல் இறந்த அவரை அந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆனால் அந்தக் காடு ஆளில்லாத காடாக இருந்ததில்லை. எருமைப்பாறையில் காடர் பழங்குடியினர் இருக்கிறார்கள். கோழிகமுத்தியில் யானைகளைப் பழக்கும் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். தேன் எடுக்கும் பாறை, குங்கிலியம் சேர்க்கும் சோலை, கோடையிலும் வற்றாத ஓடை எல்லாம் அவர்கள் அறிந்த நிலவியல். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் அங்கே போகும் சாலை டாப்சிலிப் வழியாகத்தான் செல்கிறது. காடர்களும் எல்லைக்கு இரு பக்கமும் வாழ்கிறார்கள். இவையெல்லாம் எழுத்தில் ஏறாமல் இருப்பது சுற்றுலாக் கட்டுரையின் குறையாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. உரிமையே கைவிட்டுப் போகிறது.

காட்டில் வாழ்வோரின் நில, வன உரிமையை அங்கீகரிப்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் கீழ் வகுத்த விதிகளில் 13-ஆவது, உரிமை கோரும் மனுவுக்கு ஊரின் வரலாற்றையே சான்றாக ஏற்கிறது. பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், மண்ணைச் சமன்படுத்திய வரப்பு, வம்சாவளி, மாவட்டக் கெசட்டியர், வனத்துறையின் செயல்திட்ட அறிக்கை, குடும்ப அட்டை ஆகியவை அதில் உண்டு. இவற்றில் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். மனுதாரர் அல்லாத மூத்தவர் சொல்வதை எழுதி வாங்கினாலும் அது ஒரு சான்று. மனு போடும் ஆளையே சாட்சியாகவும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ‘பட்டா இல்லை, ரசீது இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் இடமில்லை. குறிப்பிட்ட ஒரு வகை ஆவணத்தைத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2012 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது.

மனுவோடு சேர்க்கும் வரைபடத்தில்தான் வேலை அதிகம். வனத்துறைப் பதிவில் ஓடைக்கு ஒரு பெயர், ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னொரு பெயர். இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் கள ஆய்வின்போது ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஊர்ப்பெயர், பதிவேட்டுப் பெயர், ஓடையின் எந்தக் கரை, நடந்தால் எவ்வளவு நேரம், எந்த மாதத்தில் எதற்காகப் போகிறார்கள் என்பதைக் குறித்து, ஜிபிஎஸ் புள்ளியும் சேர்க்க வேண்டும். கைவிடப்பட்ட பழைய குடியிருப்பை விட்டுவிடக் கூடாது. அங்கே நிற்கும் பலா, மா, அடுப்புக்கல், புதைகுழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். 13.12.2005-க்கு முன் மறுவாழ்வு இல்லாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மாற்று நிலம் உள்ளிட்ட உரிமையைச் சட்டம் தருகிறது. அதை நிறுவ இந்தத் தடயங்களே உதவும்.

மனுவுக்கான படிவங்களில் தனிநபர் நிலத்துக்கு ‘அ’, சமூக உரிமைக்கு ‘ஆ’, ஊர் காத்துவந்த காடு முழுவதற்கும் ‘இ’ என மூன்று உண்டு. முதல் படிவத்தோடு நின்றுவிடுகிறவர்கள் தேனையும் குங்கிலியத்தையும் ஓடையையும் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. மனுக்களை முடிவு செய்யும் கிராமசபைக் கூட்டத்தை ஊராட்சித் தலைமையிடத்தில் நடத்தாமல் அந்தந்தக் குடியிருப்பிலேயே நடத்த வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் தீர்மானமே செல்லாது. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

வன வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் மூன்றையும் கிராமசபைக்குத் தர வேண்டிய பொறுப்பு கோட்ட அளவிலான குழுவுக்கு உண்டு. ஆனைமலைக் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் அவை போய்ச் சேர்ந்தனவா என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் ஊர் ஊராக விசாரித்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பொள்ளாச்சி வாசகர்