இரவில திறப்பு ஆரிட்ட இருக்கும்?

வடக்கில சுகாதாரத்துக்கும் புனர்வாழ்வுக்கும் பொறுப்பா இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

தூள் எண்டிற ஹெரோயினும் ஐஸ் போதையும் எங்கட ஒழுங்கையளுக்குள்ள எப்பிடி வந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்ர தம்பி அதுக்கு அடிமையாகி, ஆறு மாசம் புனர்வாழ்வில உள்ள இருந்திட்டு போன மாசம் வெளிய வந்தவன். நேர வீட்ட கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, கொஞ்சக் காலம் ஒரு இடைத்தங்கல் வீட்டில, அதாவது சிகிச்சை முடிஞ்சவை வீட்ட போக முதல் ஆக்களின்ர பார்வையில தங்கிற இடத்தில, விடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். (இடைத்தங்கல் எண்டவுடன அம்மாவுக்குச் சண்டைக்கால அகதி முகாம்தான் ஞாபகம் வந்தது, ஒரே அழுகை.) சரி, எங்க விடுறது? அதுக்கு மட்டும் ஒருத்தரிட்டயும் பதில் இல்லை.

ஆரோ சொல்லி ஒரு இடத்துக்குப் போனம். மாசம் 60,000, மூண்டு மாசக் காசு முதலே கட்டோணுமாம், பற்றுச்சீட்டு இல்லை. திரும்பி வரேக்க பாத்தா பின்பக்க அறைக் கதவுக்கு வெளியால ஆமைப்பூட்டு. ஜன்னல் கம்பிக்குள்ளால ஒரு பெடியன், இருபது வயசு வராது, உள்ளங்கையில பேனையால எழுதின நம்பரைக் காட்டி "அக்கா, அம்மாவுக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ" எண்டான். வேர்வையில கடைசி ரெண்டு இலக்கம் அழிஞ்சுபோச்சு. இரவில நெருப்புக் கிருப்புப் பிடிச்சா இந்தத் திறப்பு ஆரிட்ட இருக்கும் எண்டு கேட்டன், பொறுப்பான மனுசன் சிரிச்சுது. தம்பியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

இப்ப பழைய கூட்டாளி ஒருத்தன் மோட்டச்சைக்கிளில வந்து ஒழுங்கை முகப்பில ரெண்டு ஹோர்ன் அடிச்சிட்டு நிக்கிறான், நான் வேலைக்கும் போகாமப் படலையில காவல். தூளை விட்டிருந்தவன் திரும்பப் பழைய அளவை எடுத்தா உடம்பு தாங்காது, மூச்சே நிண்டுடும். இது உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் கேக்கிறது ஒரு பட்டியல். அனுமதி உள்ள வீடு எது, எவ்வளவு காசு, இரவில ஆர் நிக்கிறது, உள்ள இருக்கிறவையின்ர வீட்டுச் சனம் எப்ப போய்ப் பாக்கலாம், இவ்வளவும் தமிழில எழுதி விதானையாரிட்டயும் ஆஸ்பத்திரியிலயும் ஒட்டிவிடுங்கோ. போதைக்கு அடிமையானவையின்ர சிகிச்சை, புனர்வாழ்வு பற்றின 2007ம் ஆண்டு 54ம் இலக்கச் சட்டத்தில சிகிச்சை நிலையம் நடத்த லைசன்ஸ் வேணுமெண்டு கிடக்குத்தானே, அப்ப அந்த ஆமைப்பூட்டு வீட்டுக்கு ஆர் குடுத்தது? ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்தா பள்ளிக்கூடப் பிள்ளையளை வெயிலில பனர் பிடிக்க வைச்சு ஊர்வலம், பிறகு மேடை, மாலை, வடை, பிளேன்ரீ. அந்தப் பனர் அடிச்ச காசுக்கே பட்டியலைப் போட்டோக்கொப்பி எடுத்து ஊர் ஊராக் குடுத்திருக்கலாம். குறை நினைக்காதேங்கோ, வாயில வந்திட்டுது.

தயவுசெய்து அந்தப் பட்டியலைத் தாங்கோ, இல்லையெண்டா இல்லையெண்டாவது எழுதித் தாங்கோ. மற்றது, அந்தப் பெடியன்ர நம்பரில கடைசி ரெண்டு இலக்கம் தவிர மிச்சம் என்னட்ட இருக்கு. உங்கட ஆள் ஒருத்தர் வாறதெண்டா வீட்டை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா, யாழ்ப்பாணம்