அந்த ஆறு பாயிண்ட் நம்ம கையில இருந்துச்சா அண்ணா?

அன்புள்ள அண்ணா,

போன வாரம் போன்ல பேசும்போது "இனிமே லயன்ஸ் மேட்ச் பாக்குறதா இல்லடா, போதும்"னு சொன்னீங்க. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூப்பிட போற அவசரத்துல நான் சரினு வச்சிட்டேன், ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்க அதுதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. நம்ம டெட்ராய்ட்டோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் லயன்ஸ், 2008ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம பதினாறும் தோத்த அந்த டீம ஒரு வாரம் கூட விடாம பாத்த மனுஷன் நீங்க. அந்த வருஷம் டெட்ராய்ட்ல கார் கம்பெனிங்க எல்லாம் ஆட்டம் கண்டு உங்களுக்கும் மூணு மாசம் வேலை இல்லாம போச்சு, அப்பவும் ஞாயித்துக்கிழமை மதியம் டிவி முன்னாடி உக்காந்தீங்கனு அண்ணி சொல்லுவாங்க. அப்படிப்பட்டவர் இப்ப போதும்னு சொல்றாருனா அதுக்கு காரணம் தோல்வி இல்ல, ஒரு ஆள் மேல, கோச் டான் கேம்பல் மேல இருக்கிற கோவம். 49ers மேட்ச்ல ரெண்டு தடவை மூணு பாயிண்ட் கிக் எடுக்காம துணிஞ்சு போனாரே, அதுக்குதான். "கைல இருந்த ஆறு பாயிண்ட்ட தூக்கி எறிஞ்சான், இல்லனா சூப்பர் பவுல் போயிருப்போம்"னு, லீக்கோட ஃபைனலுக்கே போயிருப்போம்னு ரெண்டு வருஷமா சொல்றீங்க. இங்க டெட்ராய்ட்ட சுத்தி நோவை, கேன்டன் பக்கம் நம்ம ஆளுங்க பாதி பேர் அதையேதான் சொல்றாங்க, அதனாலதான் உங்களுக்கு மட்டும் மெயில் போடாம இத பொதுவுல எழுதுறேன்.

இந்த ஆட்டம் பாக்காதவங்களுக்கும் புரியணும்ல, அதனால நீங்க எனக்கு சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிடறேன். கேன்டீன் டேபிள்ல நாலு உப்பு பாக்கெட்ட வரிசையா வச்சீங்க, ஞாபகம் இருக்கா? "பத்து யார்ட் போகணும், அதுக்கு நாலு சான்ஸ்"னு சொல்லி ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்துட்டே வந்தீங்க. கடைசி பாக்கெட்ல விரல வச்சு நிறுத்தி, "இதுலதான்டா எல்லாமே இருக்கு"னு சொன்னீங்க. ஒவ்வொரு சான்ஸும் ஒரு டவுன். நாலாவது டவுன்ல மூணு வழி. தூரத்துல இருந்தா பந்த எதிராளி பக்கம் உதைச்சு அனுப்பிடலாம், அது பன்ட். பக்கத்துல இருந்தா கம்பத்துக்கு நடுவுல அடிச்சு மூணு பாயிண்ட் எடுக்கலாம், அது ஃபீல்ட் கோல். இல்லனா மிச்ச தூரத்த துணிஞ்சு ஓடியோ வீசியோ எடுக்கப் பாக்கலாம், கிடைச்சா ஆட்டம் நம்ம கையிலயே இருக்கும், கிடைக்கலனா அதே எடத்துல பந்து எதிராளிக்கு போயிடும். டான் கேம்பல் 2021ல கோச்சா வந்ததுல இருந்து மூணாவது வழியில போற ஆளு.

2024 ஜனவரி 28, சான்டா கிளாரா, சான் ஃபிரான்சிஸ்கோ டீம் 49ers கூட மேட்ச். ஜெயிச்சா சூப்பர் பவுல், லயன்ஸ் அதுவரைக்கும் ஒரு தடவை கூட போகாத எடம். எங்க வீட்டு பேஸ்மென்ட்ல பதினோரு பேர் இருந்தோம். ஹாஃப் டைம்ல 24-7 நாம முன்னாடி. அண்ணி மேல இருந்து சுண்டல் கொண்டு வந்தாங்க, ஒருத்தரும் தொடல, பயத்துலயும் சந்தோஷத்துலயும் வாய் காஞ்சு போய் உக்காந்திருந்தோம். மூணாவது குவார்ட்டர்ல அவங்க ஒரு ஃபீல்ட் கோல் அடிச்சு 24-10. அடுத்து நம்ம பந்து, அவங்க 28 யார்ட் லைன், அதாவது அவங்க கோல் லைனுக்கு 28 யார்ட் தூரம் வரைக்கும் வந்துட்டோம், நாலாவது டவுன், ரெண்டு யார்ட் வேணும். நீங்க சோஃபா நுனிக்கு வந்து "கிக் எடு, கிக் எடு"னு டிவி கிட்ட சொல்லிட்டு இருந்தீங்க. கேம்பல் துணிஞ்சு போனாரு. நமக்கு பந்து வீசற கோஃப் வீசினது நம்ம ஜோஷ் ரெனால்ட்ஸ் கைக்கே வந்துச்சு, கைல பட்டு கீழ விழுந்துச்சு. அப்ப நீங்க சுண்டல் கிண்ணத்த கீழ வச்ச சத்தம் எனக்கு இன்னும் கேக்குது, அந்த ரூம்ல வேற சத்தமே இல்ல.

அதுக்கப்புறம் நடந்தத யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கறாங்க அண்ணா. அவங்களுக்கு பந்து வீசற பர்டி தூரமா வீசின பந்து நம்ம கிண்டில் வில்டோர் ஹெல்மெட்ல பட்டு எகிறி நேரா அவங்க ஐயுக் கைல போய் விழுந்துச்சு, 51 யார்ட். அது டச்டவுன் ஆச்சு, கோல் லைன தாண்டினா கூட வர்ற ஒரு கிக்கோட சேத்து ஏழு பாயிண்ட். அடுத்து நம்ம முதல் ப்ளேலயே நம்ம கிப்ஸ் கைல இருந்து பந்து நழுவிடுச்சு, அதுவும் அவங்களுக்கு டச்டவுன் ஆச்சு. 24-24. இதுல எதையும் கேம்பல் முடிவு பண்ணல. இதெல்லாம் ஒரே குவார்ட்டர்ல நடந்ததால நம்ம மூளை அந்த முதல் ஃபோர்த் டவுன்ல கொண்டு போய் எல்லா பழியையும் கட்டிடுச்சு.

நாலாவது குவார்ட்டர்ல ரெண்டாவது தடவை. அவங்க 27-24 முன்னாடி, ஏழரை நிமிஷம் பாக்கி, அவங்க 30 யார்ட் லைன்ல நாம, நாலாவது டவுனுக்கு மூணு யார்ட். மறுபடியும் போனாரு, கோஃபுக்கு நின்னு வீச நேரமே கிடைக்கல, செயின்ட் பிரவுனுக்கு போன பந்து வீணாச்சு. அவங்க போய் டச்டவுன் எடுத்து 34-24. கடைசில 34-31னு தோத்தோம். மூணு பாயிண்ட் வித்தியாசம். அதனாலதான் உங்க கணக்கு அவ்ளோ சுலபமா தோணுது, மூணும் மூணும் ஆறு, ஆறு இருந்தா ஜெயிச்சிருப்போம்னு.

ஆனா அந்த ஆறு பாயிண்ட் கைல இருந்துச்சுனு எப்படிண்ணா சொல்றீங்க? கம்பம் கோல் லைனுக்கும் பின்னாடி, கிக்கும் பந்து இருந்த எடத்துக்கு கொஞ்சம் பின்னாடி இருந்து, அதனால முதல் கிக் சுமாரா 46 யார்ட், ரெண்டாவது 48 யார்ட். இந்த தூரத்துல இந்த லீக்ல நாலு அடிச்சா சுமாரா மூணு உள்ள போகும், ஒண்ணு வெளிய. ரெண்டும் உள்ள போகணும்னா முக்காலுக்கு முக்கால், பாதிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். நம்ம கிக்கர் பேட்ஜ்லி அந்த சீசன் டிசம்பர்லதான் நமக்கு கிக் அடிக்க ஆரம்பிச்சவரு. "ரெண்டு வாரம் முன்னாடி ராம்ஸ் மேட்ச்ல 54 அடிச்சானே"னு சொல்வீங்க. அடிச்சாரு, எனக்கும் தெரியும், ஆனா அது ஃபோர்ட் ஃபீல்ட்ல, கூரைக்கு கீழ, காத்தே இல்லாத எடத்துல. இது திறந்த ஸ்டேடியம், புல் தரை. இன்னொரு பக்கம் பாருங்க, ரெண்டு யார்ட் வேணும்ங்கற ஃபோர்த் டவுன்ல டீமுங்க பாதிக்கு மேல எடுக்கறாங்க, அந்த சீசன் நம்ம டீமுக்கு அது சராசரிக்கும் மேல இருந்திருக்கும், ஏன்னா எதிராளிய தடுக்க முன்னாடி நின்ன அஞ்சு பேர், அந்த லைன், அப்படி. எடுத்துட்டா டச்டவுன் வாய்ப்பு, கடிகாரமும் ஓடும், பர்டி வெளியவே உக்காந்திருப்பாரு. 14 பாயிண்ட் லீட் 17 ஆகறது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருக்கிற ஒரு முடிவு அது, பைத்தியக்காரத்தனம்னு சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. பந்து ரெனால்ட்ஸ் கைல நின்னிருந்தா நீங்களே என்ன கட்டிப்பிடிச்சிருப்பீங்க.

அந்த எடத்துக்கு நம்மள கூட்டிட்டு போனதே இதே பழக்கம்தானேண்ணா. 2023 ஜனவரில பேக்கர்ஸ் கிரவுண்ட் லாம்போ ஃபீல்ட் ஞாபகம் இருக்கா? சியாட்டில் அன்னைக்கு மதியமே ஜெயிச்சதால நமக்கு ப்ளேஆஃப், அதாவது சீசனுக்கு அப்புறம் வர்ற நாக்அவுட் மேட்ச், இல்லனு ஆயிடுச்சு, ஆனா பேக்கர்ஸ் நம்மள ஜெயிச்சா உள்ள போவாங்க. 20-16 முன்னாடி இருக்கோம், நாலாவது டவுன், ஒரு யார்ட் வேணும், கிக் எடுக்காம நம்ம ஷார்க்குக்கு வீசி மேட்ச முடிச்சு அவங்க ஆரன் ராட்ஜர்ஸுக்கு பந்தே குடுக்காம அவங்கள வீட்டுக்கு அனுப்பினோம். நீங்க பனில வெளிய போய் கத்தினீங்க. அடுத்த சீசன் முதல் மேட்ச், சாம்பியன் கேன்சஸ் சிட்டி வீட்டுல, நம்ம சொந்த 17 யார்ட் லைன்ல பன்ட் பண்ற மாதிரி நின்னு ஓடி எடுத்தோம், 21-20 ஜெயிச்சோம். நவம்பர்ல சார்ஜர்ஸ் கூட 38-38, ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மியா இருக்கு, அவங்க 26ல நாலாவது டவுனுக்கு ரெண்டு யார்ட், எல்லா கோச்சும் கிக் எடுக்கற எடம். கேம்பல் நம்ம லபோர்ட்டாவுக்கு வீச சொன்னாரு, கிடைச்சுது, கடிகாரத்த ஓட விட்டு கடைசி நொடில கிக் அடிச்சு 41-38. அங்க கிக் எடுத்திருந்தா அவங்களுக்கு பந்து வீசற ஹெர்பர்ட் கைல ஒன்றரை நிமிஷம் குடுத்திருப்போம். 30 வருஷம் கழிச்சு டிவிஷன், லீக்ல நம்ம பிரிவு, ஜெயிச்சது, 32 வருஷம் கழிச்சு ஒரு ப்ளேஆஃப் மேட்ச் ஜெயிச்சது, எல்லாம் அந்த சீசன்தான்.

எனக்கும் அந்த ராத்திரி மேல கோவம் இருக்கு, ஆனா அது வேற எடத்துல. 34-24 பின்னாடி இருக்கோம், ஒரு நிமிஷம் சொச்சம் பாக்கி, கோல் லைனுக்கு ஒரு யார்ட், மூணாவது டவுன், கைல கடிகாரத்த நிறுத்தற டைம்அவுட் மூணு. அங்க நம்ம மான்ட்கோமெரி கைல குடுத்து ஓட விட்டாங்க, அவர மடக்கிட்டாங்க, கடிகாரம் ஓடுதுனு ஒரு டைம்அவுட்ட செலவு பண்ண வேண்டியதா போச்சு. அடுத்த ப்ளேல நம்ம ஜேமிசன் வில்லியம்ஸ் டச்டவுன், 56 செகண்ட் மிச்சம். பந்த நாமளே திரும்ப பிடிக்கலாம்னு குட்டையா உதைக்கற ஆன்சைட் கிக் அவங்க கைக்கு போச்சு, அதோட மேட்ச் முடிஞ்சுது. மூணு டைம்அவுட்டும் இருந்திருந்தா அவங்க மூணு ப்ளேக்கு அப்புறமும் கடிகாரத்த நிறுத்தி, அவங்கள பன்ட் பண்ண வச்சு, நாப்பது செகண்ட் பக்கம் நமக்கு கிடைச்சிருக்கும். ரெண்டு இருந்ததால அது நடக்கல. அங்க வீசியிருக்கணும்ணா, விழுந்தாலும் கடிகாரம் நின்னிருக்கும். நேரா உள்ள போயிடுவோம்னு நம்பினதா கேம்பலே அப்புறம் சொன்னாரு. இத பத்தி நம்ம க்ரூப்ல ஒரு மெசேஜ் கூட வரல, எல்லாரும் அந்த ரெண்டு கிக்க பத்தியேதான்.

சரி, போன சீசனுக்கு வரேன். நவம்பர்ல ஃபிலடெல்ஃபியால 16-9 தோத்தோம், அஞ்சு ஃபோர்த் டவுன்ல போய் அஞ்சும் கிடைக்கல. நீங்க அன்னைக்குதான் "பாத்தியா, நான் சொன்னேன்ல"னு வாய்ஸ் நோட் அனுப்பினீங்க. 2018ல சூப்பர் பவுல்ல கோல் லைன் கிட்ட நாலாவது டவுன்ல துணிஞ்சு போய்தான் ஃபிலடெல்ஃபியா டீம் ஈகிள்ஸ் பேட்ரியாட்ஸ ஜெயிச்சாங்க, அவங்க ஊருலயே நமக்கு இப்படி ஆனது எனக்கும் வலிச்சுது. ஆனா இதுல எனக்கு தெரியுறது வேற. ஃபோர்த் டவுன் முடிவ கோச்சோட தைரியத்த வச்சு அளக்க முடியாது, முன்னாடி நிக்கிற அஞ்சு பேர வச்சுதான் அளக்கணும். 2025ல அந்த லைன்ல சென்டர் ஃப்ராங்க் ராக்னோ ரிட்டையர் ஆயிட்டாரு, கார்ட் கெவின் சைட்லர் டென்னசிக்கு போயிட்டாரு, ப்ளே போட்டுக் குடுத்த பென் ஜான்சன் சிகாகோ கோச் ஆயிட்டாரு. லீக் சராசரி கணக்கு புத்தகத்துக்கு ராக்னோ இல்லங்கறது தெரியாது. அன்னைக்கு காத்து வேற, ஈகிள்ஸ் ஆளுங்க கைய தூக்கி கோஃப் பந்த தட்டி விட்டுக்கிட்டே இருந்தாங்க. பழைய லைன நம்பி எடுத்த முடிவ புது லைன வச்சு எடுத்தாரு, அதுதான் தப்பு. இதுல உங்க பக்கம் பாதி நியாயம் இருக்கு, நான் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக எல்லா தடவையும் கிக் எடுக்கற கோச் வேணும்னு சொல்லாதீங்க. அப்படிப்பட்ட கோச்சுங்கள இந்த ஊரு எவ்ளோ வருஷம் பாத்துச்சுனு உங்களுக்கு தெரியாததா. 2024ல பதினஞ்சு மேட்ச் ஜெயிச்சும் வாஷிங்டன் கிட்ட முதல் ப்ளேஆஃப்லயே 45-31 தோத்தது கூட அஞ்சு தடவை பந்த எதிராளி கிட்ட குடுத்ததால, ஃபோர்த் டவுனால இல்ல.

கடைசியா ஒண்ணு. அந்த சான்டா கிளாரா மேட்ச நான் ரெண்டு மாசம் முன்னாடி மறுபடியும் முழுசா போட்டு பாத்தேன், அண்ணிகிட்ட சொல்லாதீங்க, ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. ஹாஃப் டைமுக்கு சில செகண்ட் இருக்கும்போது நாம 21-7 முன்னாடி, கோல் லைனுக்கு மூணு யார்ட். அந்த ஒரு தடவை கேம்பல் நீங்க சொல்ற மாதிரியே பண்ணாரு, துணியாம 21 யார்ட் கிக் எடுத்து மூணு பாயிண்ட் வாங்கிட்டு உள்ள போனாரு. நாம எல்லாரும் கை தட்டினோம், நீங்க எழுந்து நின்னு தட்டினீங்க. அது டச்டவுனா இருந்திருந்தா 28-7. கடைசில தோத்தது மூணு பாயிண்ட்ல. ரெண்டு வருஷத்துல இத பத்தி நீங்களும் பேசல, நானும் பேசல.

செப்டம்பர்ல முதல் மேட்சுக்கு வாங்க, அந்த மூணு யார்ட் பத்தி நேர்ல பேசணும்.

உங்க தம்பி