கழுவிய காசும் கறுத்த காசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாணயம் ஒன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போனதாக அவ்வப்போது செய்தி வருகிறது. ஆண்டு இருக்கும், தொகை இருக்கும். நாணயம் எந்த நிலையில் இருந்தது என்பது மட்டும் இருக்காது. படித்தவர் அலமாரியைக் குடைந்து ஒரு கறுத்த காசைத் தேடியெடுக்கிறார். அடுத்து அவர் செய்வது, அதைப் பளபளவென்று தேய்ப்பது. அந்தக் காசுக்கு ஏதேனும் மதிப்பு இருந்திருந்தால் அதில் பெரும்பங்கு அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

நாணயச்சாலையில் உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் மேற்பரப்பில் மிக நுண்ணிய வரிகளாகப் பதிகிறது. புழங்காத நாணயத்தை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பினால் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுழல்வது இந்த வரிகளால்தான். பற்பசையோ சமையல் சோடாவோ போட்டுத் தேய்த்தால் வரிகள் மழுங்கி, ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் விழும். வாங்க வருபவர் 10 மடங்கு லென்ஸில் முதலில் தேடுவது அந்தக் கீறல்களைத்தான்.

வெள்ளிக் காசின் கறுப்பு, பலர் நினைப்பது போல அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி கூடி உண்டான வெள்ளி சல்பைடு அது. அந்தக் கறுப்புக்குள் இருப்பதும் நாணயத்தின் வெள்ளியே. அமிலத்தில் முக்கி அதை எடுத்தால் நாணயத்தின் தோலே ஓர் அடுக்கு உரிகிறது. இயல்பாகப் படிந்த நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒட்டாத மண், தூசு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுக்கலாம். பி.வி.சி. உறையில் வைத்த காசுகளில் பிசுபிசுப்பான பச்சைப் படலம் வரும். உறையிலிருந்து கசியும் பொருள்கள் உலோகத்தை அரிப்பதன் அடையாளம் அது, உடனே நீக்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலர விட வேண்டும். நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது; அதில் எண்ணெயும் மணப்பொருளும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும் என்பதால் சன்னல் திறந்திருக்க வேண்டும், அருகே நெருப்பு கூடாது. பிறகு பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறைக்கு மாற்றலாம். எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்க வேண்டும். விரல் ரேகை செம்பில் பதிந்தால் சில நாளில் அரித்து நிரந்தரமாகிவிடும்.

இனி, பழமை. பழையது என்பதாலேயே விலை வந்துவிடாது. 4-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் புதையல்களாகக் கிடைப்பதால், 1,600 ஆண்டு தாண்டியும் தேய்ந்தவை சொற்ப விலைக்கே போகின்றன. எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கும் தனியாக உதவாது. எத்தனை மிஞ்சின என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டு 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடிக்கப்பட்டது. தங்க நாணயப் புழக்கத்தை அரசு நிறுத்தியதால் வெளியிடாமலே ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரே நாணயம் 2021-இல் ஏறத்தாழ 1.89 கோடி டாலருக்குப் போனது. மிஞ்சியது குறைவாக இருந்தாலும் தேடுபவர் இல்லையென்றால் விலை ஏறாது என்பதும் உண்டு. ஆண்டுவாரியாக, நாணயச்சாலைக் குறிவாரியாகப் பலர் சேர்க்கும் வரிசையில் ஒன்று கிடைக்காமல் போனால்தான் போட்டி சூடுபிடிக்கும்.

நிலையை 1 முதல் 70 வரை புள்ளியிட்டுச் சொல்வது இன்று பரவலான முறை. 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது அது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாதது. 65-க்கும் 67-க்கும் இடையே விலை பல மடங்காவதும் உண்டு. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம், தேய்மானத்தையும் மங்கலான அச்சையும் குழப்பிக்கொள்வது. மேடான பகுதியில் ஒளிச்சுழற்சி அறுந்து நிறம் மாறியிருந்தால் தேய்மானம். உருவம் தெளிவில்லாவிட்டாலும் ஒளி தடைபடாமல் ஓடினால், அடி சரியாக விழவில்லை என்று பொருள்.

போலிக்கு எடை, விட்டம், காந்தம் மூன்றும் முதல் சோதனை. 1943-இல் அமெரிக்க ஒரு செண்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்பு வில்லையில் விழுந்தவை மிகச் சில. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றினால் காந்தம் காட்டிக்கொடுக்கும். 1948-ஆம் ஆண்டுச் செப்புக் காசின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியிருந்தால் காந்தம் காட்டாது. 1943-இன் எஃகுக் காசிலுள்ள 3-இன் வடிவத்தோடு ஒப்பிட வேண்டும்.

வெள்ளிக்கு அடர்த்தி பார்ப்பது நம்பகமானது. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்க வேண்டும். தராசு காட்டும் கிராமே நாணயத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 25 கிராம் நாணயம் 2.42 காட்டினால் அடர்த்தி 10.33, அது 90 சதவீத வெள்ளிக்குப் பொருந்தும். அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் தராசு 2.8-ஐ ஒட்டிக் காட்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும், எனவே மூன்று முறை பார்ப்பது நல்லது. தங்கத்தில் இதை மட்டும் நம்ப முடியாது: தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் உலோகத்தினது 19.25, ஏறக்குறைய ஒன்றே.

இனி ஏலச் செய்தி வெளியிடும்போது நாணயத்தின் தரப்புள்ளியையும், இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதையும் விலைக்குப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் ஒரு வாசகர்