மாத்திரையை நிறுத்திவிடாதே, அம்மிணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்செங்கோடு பக்கம் தறி ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். 2015-ல் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று ஆரம்பித்த கூட்டு மருந்தை இதுவரை ஒரு நாளும் விட்டதில்லை. என் மகளுக்குத் தொற்று இல்லை.

போன மாதம் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம். இருபது நாளாக மாத்திரையே போடவில்லையாம். டப்பாவில் இருந்த டோலுடெகிராவிர் என்ற பெயரைச் செல்போனில் தேடியிருக்கிறாள். குழந்தையின் முதுகுத்தண்டு பாதிக்கும் என்று வந்ததாம். "குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா என்னக்கா பண்றது?" என்று அழுதாள். கையைப் பிடித்து ஆலோசகரிடம் கூட்டிப் போனேன்.

அந்தச் செய்தி பொய்யில்லை, பழசு. 2018-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே இந்த மருந்தில் இருந்த 426 பேரின் பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு அந்தக் குறை இருந்தது. அதனால் பயந்தார்கள். ஆனால் கணக்கெடுப்பை நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்த பிறகு, 2022-ல் அது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுதான், மற்ற மருந்து சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவுதான் என்று தெரிந்தது. 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் இதையே கொடுக்கச் சொல்லிவிட்டது. அதுவும் போக, அந்தக் குறை கருவின் முதல் மாதத்திலேயே வருவது. ஐந்தாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்தி என்ன பயன்? நிறுத்தினால் கிருமிதான் பெருகும். மருந்தே இல்லையென்றால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரும். ஒழுங்காகப் போட்டால் ஐந்துக்கும் கீழே.

இன்னொன்றையும் அன்றுதான் அவள் தெரிந்துகொண்டாள். சத்து மாத்திரைகளான இரும்பு, சுண்ணாம்புச் சத்து இரண்டையும் வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லையென்றால் நேரம் தள்ளிப் போட வேண்டும். சத்து மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

என் காலத்தில் கொடுத்தது வேறு மாத்திரை. ராத்திரி போட்டால் தலை சுற்றும், கெட்ட கனவு வரும். குழந்தைக்குத் தொற்று வராமலிருக்க ஆறு வாரம் மருந்து சிரப் ஊற்றினேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அம்மாயி குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க வந்தபோது, "கோவிச்சுக்காதீங்க அம்மாயி, வேண்டாம்" என்று தடுத்துவிட்டேன். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். பதினெட்டாம் மாதப் பரிசோதனையில்தான் முடிவாகத் தொற்று இல்லை என்றார்கள். அதுவரை ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு மருந்தைப் பற்றிப் பயமுறுத்தும் செய்தி வந்தால் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு அது சரியில்லை என்று தெரிந்தால் அதையும் அதே அளவு பெரிதாகப் போடுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் கேட்கலாம், எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம். காசு கிடையாது.

அந்தப் பெண் அன்று சாயந்திரமே மாத்திரை போட்டுவிட்டதாகப் போன் செய்தாள். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு தாய்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.