மாத்திரையை எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு,

உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட செய்தியில், எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இடையில் நிறுத்துவோரின் 'அலட்சியம்' சாடப்பட்டிருந்தது. அலட்சியத்தைவிட, மருந்தைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள எண்ணமே பெரிய காரணம் என்பேன். மண்டபம், பாம்பன் பகுதியில் தன்னார்வலராக நான் சந்தித்த மீனவர்கள் சிலர், 'மாத்திரை சூடு. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகிவிடும்' என்று நம்பி, கடலில் தங்கும் நாட்களில் அதைத் தொடுவதேயில்லை. மது குடித்த நாளிலும் அப்படித்தான். உடம்பு தேறியதும் நோயே போய்விட்டதாக நினைப்போரைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பெரும்பாலோருக்கு அரசு இலவசமாகத் தரும் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரை நாளுக்கு ஒன்றுதான். சாப்பிட்டோ சாப்பிடாமலோ விழுங்கலாம். விட்டுவிட்டு எடுத்தால்தான் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். ஆகவே எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையங்களில், ஒழுங்காக எடுத்தார்களா என்று பார்க்க மீதமுள்ள மாத்திரைகளை எண்ணுவதற்கு முன், 'இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஆலோசகர்கள் கேட்க வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இதைத் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், மண்டபம்