கலாவுக்கு, சட்டக் கல்லூரியிலிருந்து

கோவை

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இன்டர்னல் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபிக்கு வரும் பெண்ணை அவர் திட்டி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள். என் அம்மா அதைத்தான் செய்தாள், இன்றைக்கும் மாடிப்படி ஏற முடியவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் பிளஸ் ஒன் போகிறான். வீட்டில் இரண்டு பேர் பரீட்சைக்குப் படிப்பதால் டிவி ரிமோட் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது.

"நாற்பது வயசுல, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியை வச்சுக்கிட்டு வக்கீலுக்குப் படிக்க முடியுமாடி? சும்மா விளையாட்டுக்குத்தான் கேக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். விளையாட்டுக்குக் கேட்கிறவள் மார்க், வயசு வரம்பு, ஸ்கூல் வேலை என்று மூணு பக்கம் கேள்வி கேட்க மாட்டாள். அதனால் நானும் நிஜமாகவே பதில் சொல்கிறேன்.

விதிகளை முதலில் முடித்துவிடுவோம். எந்தப் பட்டமாக இருந்தாலும் மூன்று வருட எல்.எல்.பி.யில் சேரலாம். வக்கீல் படிப்புக்கும் தொழிலுக்கும் விதி போடுகிற பார் கவுன்சிலின் கணக்குப்படி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. இங்கே அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத்தான் தரவரிசை. 30 வயதுக்கு மேல் சேரக்கூடாது என்று ஒரு விதி இருந்தது உண்மைதான். அதை மறுபடி கொண்டுவரப் பார்த்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2017ல் நிறுத்திவைத்தது. என் வகுப்பில் பேரன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நீ வயதைப் பற்றிக் கவலைப்படாதே. உன் தம்பி அஞ்சல்வழியில் பி.காம். முடித்ததைக் கேட்டிருந்தாய். பத்து, பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல்வழியில் படித்திருந்தால் பிரச்சினை இல்லை. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரே டிகிரி வாங்கியவர்களைத்தான் சேர்க்க மாட்டார்கள்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குப் பிடித்ததே அதுதான். காந்திபுரத்தில் எழுபதாம் நம்பர் பஸ் ஏறினால் மருதமலைக்குப் போகிற வழியில் கல்லூரி. பாதிப்பேர் போன வருஷம்தான் டிகிரி முடித்த பிள்ளைகள். முதல் வாரம் என்னை ஆண்ட்டி என்றார்கள், நான் முறைத்த முறைப்பில் அக்கா ஆகிவிட்டேன். மீதிப்பேர் நம்மைப் போல. ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், பேங்கில் வி.ஆர்.எஸ். வாங்கியவர் ஒருவர், பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்த பையன், அரசு மருத்துவமனை ஒன்றில் பல வருஷம் இருந்த நர்ஸ் ஒருத்தி.

கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் என்ன வித்தியாசம் என்பது இந்தப் படிப்பில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். அதற்கு விர்சா சிங் வழக்கு, 1958, கட்டாயம் படிக்கவேண்டும். ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து. குத்துப்பட்டவர் அப்போதே சாகவில்லை, சுமார் 21 மணி நேரம் கழித்து இறந்தார். "கொல்லணும்னு நினைக்கவில்லை" என்பது வாதம். நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. அந்தக் காயத்தை ஏற்படுத்த வேண்டும் என்று நினைத்தானா, அந்தக் காயம் இயல்பான போக்கில் உயிரைப் போக்கப் போதுமானதா, இந்த இரண்டும் இருந்தால் கொலைதான் என்றார். எங்களுக்கெல்லாம் இரண்டாவது கேள்வி வெறும் வார்த்தையாக இருந்தது. நர்ஸம்மா எழுந்து, குடல் வெளியே வந்து வயிற்றுக்குள் சீழ் பிடித்தால் மணிக்கு மணி என்ன ஆகும், காய்ச்சல் எப்படி ஏறும், எந்தக் கட்டத்துக்கு மேல் டாக்டர்கள் கையை விரிப்பார்கள் என்று சொன்னாள். வகுப்பே கப்சிப். அதற்கப்புறம் அந்தப் பிரிவை யாரும் மறக்கவில்லை. நிலச் சட்டப் பாடத்தில் வி.ஏ.ஓ. ஐயா அப்படித்தான். பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவைப் படமான எஃப்.எம்.பி. என்று வந்துவிட்டால் பேராசிரியரே அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "கெமிஸ்ட்ரி படிச்சது வீணாப் போகுமே" என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான். சட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு வழக்கும் வேறு எங்கிருந்தோதான் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ பட்டறையிலிருந்தோ. அந்த இடம் தெரிந்தவளுக்குத் தீர்ப்பு வேறு மாதிரி படிக்கும்.

நான் சாயப்பட்டறை லேபில் இருந்தவள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் கோர்ட்டின் மேல் அப்படி ஒரு கோபம். சம்பளம் நின்றுபோனால் வேறென்ன வரும்? இப்போது சுற்றுச்சூழல் சட்டத்துக்காக 1996ல் வந்த வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கை எடுத்துப் படிக்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் வட ஆற்காட்டுப் பக்கம் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடுகட்டவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். உப்பு, சுண்ணாம்பு, கந்தக அமிலம் என்று வரிசையாக வரும் இடத்தை மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கணும் என்று தினம் சாம்பிள் பார்த்த கைதானே இது! ஆர்.ஓ.வில் வடிகட்டியபின் மிஞ்சுகிற உப்பு எங்கே போகும் என்று விவாதத்தில் கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. நொய்யலில் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறிய காரணமும் எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. நாளைக்கு இந்த மாதிரி வழக்குகளைத்தான் நடத்தவேண்டும் என்று மனசில் இருக்கிறது, பார்ப்போம்.

சட்டம் நம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதும் ஒரு ஆச்சரியம். அப்பா ஃபைனான்ஸ் கொடுக்கல் வாங்கலில், ப்ரோநோட்டுக்கு மூணு வருஷம் ஆகப்போகிறது என்றால் கடன்காரரைக் கூப்பிட்டு, நூறோ இருநூறோ வாங்கி, நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார். காபி கொடுத்துத்தான் அனுப்புவார். இது ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1963ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம் 19ஆம் பிரிவு அச்சு அசல் அதுதான். கெடு முடிவதற்குள் ஒரு பகுதியைக் கட்டி, கட்டியவர் எழுத்திலோ கையெழுத்திலோ பதிவிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூணு வருஷம். எட்டாவது வரை படித்த மனுஷன்!

படிப்பு கஷ்டமா என்று கேட்டாய். கஷ்டம் வேற மாதிரி. டைட்ரேஷனில் நிறம் மாறினால் முடிந்தது, அளவைக் குறித்துக்கொண்டு போய்விடலாம். இங்கே ஒரே கேள்விக்கு வாதிக்கும் எழுதணும், பிரதிவாதிக்கும் எழுதணும். கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைவிட, ஏன் என்பதற்குத்தான் மார்க். முதல் செமஸ்டரில் இது எனக்குப் பிடிபடவே இல்லை. இன்னொன்று, பக்கம் பக்கமாகக் கையால் எழுதவேண்டும், இத்தனை வருஷம் கழித்து விரல் கேட்காது. இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகு. தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதால் வாசிப்பிலிருந்து தப்ப முடியாது.

அதோடு நாங்கள் மாட்டிக்கொண்ட காலம் அப்படி. 2024 ஜூலை 1லிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103. சினிமா முழுக்கத் திட்டித் தீர்த்த 420 இப்போது 318க்குள் ஒரு உட்பிரிவு. ஆனால் அதற்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான், கோர்ட்டில் சீனியர்கள் வாயிலும் பழைய எண்தான். ஆக இரண்டையும் படிக்கவேண்டும். கைடு வாங்கிக் குவிக்காதே. உரை எதுவும் இல்லாமல் சட்டத்தை மட்டும் அச்சிட்ட பேர் ஆக்ட் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே இருக்கும் உதாரணங்களை முதலில் படி. ஏ, பி, இசட் என்று ஆட்கள் வந்து அடித்துக்கொண்டும் கடன் வாங்கிக்கொண்டும் இருப்பார்கள். கதை மாதிரி போகும்.

இனி நீ கேட்கத் தயங்கிய விஷயம். வேலை.

வேலையை விடாமல் படிக்க முடியாது, கலா. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வேலையில் இருப்பவர்கள் அதைத் தெரிவித்து, வேலை கொடுத்தவரின் ஒப்புதல் கடிதம் கொடுக்கவேண்டும் என்று 2024ல் பார் கவுன்சில் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பிவிட்டது. உன் ஸ்கூலில் சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று கேட்டுப் பார். இல்லையென்றால் ராஜினாமாதான். "வராமலே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளி மாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் உன்னிடமும் வருவார்கள். லெட்டர்பேடு காலேஜ் என்று நம் ஊரில் சொல்வதே அதைத்தான். அந்தப் பணத்துக்கு நகை எடுத்து வை. பட்டத்தை விடு, அந்த வகுப்பில் உட்காராமல் நர்ஸம்மா பேசியதை நான் எங்கே கேட்டிருப்பேன்?

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய விஷயமே இல்லை, மூணு வருஷம் வருமானம் இல்லாமல் இருப்பதுதான் செலவு. அதற்கப்புறமும் உடனே வராது. படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்யும்போது பதிவுக் கட்டணம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்து, சட்டத்தில் இருக்கிற 750 ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது என்றது. அது ஒரு நல்ல காரியம். தொழில் செய்ய பார் தேர்வு ஒன்று எழுதவேண்டும், நூறு கேள்வி, 45 சதவீதம் வாங்கினால் போதும், பயப்படாதே. ஜூனியர்களுக்குக் கோவை, மதுரை, சென்னையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024ல் சொல்லியிருக்கிறது. நான் விசாரித்த ஜூனியர் பிள்ளைகள் யாரும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே உன் கணக்கில் அதைச் சேர்க்காதே. நீதிபதித் தேர்வு என்று உன் தம்பி ஆசை காட்டியிருந்தால் அதையும் மறந்துவிடு. மூணு வருஷம் வக்கீலாக இருந்தால்தான் எழுதலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதற்குள் நமக்கு வயது தாண்டிவிடும். தம்பி எழுதட்டும், அவனுக்குக் காலம் இருக்கிறது.

இன்டர்ன்ஷிப் மொத்தம் 12 வாரம். நான் ஒரு சிவில் வக்கீலிடம் போகிறேன். காலை பத்தரைக்கு முன்சீஃப் கோர்ட்டில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றால், பெஞ்ச் கிளார்க் நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். "சீனியர் வந்துட்டிருக்காருங்க, பாஸ் ஓவர்" என்று ஜூனியர்கள் வழக்கைச் சற்றுத் தள்ளிக் கூப்பிடச் சொல்வதும், வாய்தா போடுவதும்தான் முதல் ஒரு மணி நேரம். அலுப்பாக இருக்கும் என்று நினைப்பாய். எனக்கு அலுக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர், 1987ல் கல்யாணமானவர், அண்ணன்மாரிடம் பாகம் கேட்டு வந்திருக்கிறார். நம் மாநிலத்தில் 1989லேயே குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். 2005ல் மத்திய சட்டம் வந்து அந்தத் தடை போனது, 2020ல் உச்ச நீதிமன்றம் பிறப்பிலேயே உரிமை என்று தெளிவாக்கியது. "அப்போ எனக்கு உண்டா இல்லையா சாமி?" என்று என்னைக் கேட்டார். 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கணும், சீனியர்தான் சொல்வார் என்றேன். வில்லங்கச் சான்றுக்குப் போட்டிருக்கிறார்கள். அது வந்துவிட்டதா என்று நான் தினம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன், குமாஸ்தாவுக்கே எரிச்சல்.

நீ சேர்வதானால் இந்த வருஷமே சேர். நான் இறுதியாண்டில் இருப்பேன், நோட்ஸ் எல்லாம் அப்படியே தருகிறேன். உன் வீட்டுக்காரரிடம் பணக் கணக்கை முதலில் பேசு, படிப்பை அப்புறம் பேசு. டிகிரி சர்டிஃபிகேட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று நான்கையும் எடுத்து வை. டி.சி. தொலைந்துவிட்டது என்று ஒருதரம் சொன்னதாக ஞாபகம், அதற்கு டூப்ளிகேட் வாங்க நாள் பிடிக்கும், நாளைக்கே நம்ம காலேஜுக்கு எழுதிப் போடு. மார்க் ஷீட் நகலை எனக்கு அனுப்பு, சதவீதம் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்
வசந்தி